டேவ் க்ரோல்: பல வாத்தியக்காரரா, பாட்டு முழுவதையும் மனத்தில் வைத்து அடிக்கும் டிரம்மரா?

தாள ஆர்வலர் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க ராக் கலைஞர், ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் தலைவர் டேவ் க்ரோலைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், அவர் டிரம்ஸ், கித்தார், பேஸ் எல்லாவற்றையும் வாசிப்பார் என்ற வியப்பில் தொடங்கி அந்த வியப்பிலேயே முடிந்துவிடுகிறது. பல வாத்தியங்களைக் கையாளத் தெரிந்தவர்கள் ராக் இசையில் அப்படியொன்றும் அரியவர்கள் அல்லர். ஒரே மனிதர் ஸ்க்ரீம், நிர்வாணா, க்வீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ், தெம் க்ரூக்ட் வல்ச்சர்ஸ் என்று வெவ்வேறு குணமுடைய குழுக்களில் டிரம்ஸின் பின்னால் அமர்ந்து, ஒவ்வொன்றிலும் அந்தக் குழுவுக்கென்றே பிறந்தவர்போல் ஒலித்தாரே, அது எப்படி என்பதுதான் நாம் பேச வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். க்ரோல் எந்த வாத்தியத்தை எடுத்தாலும் டிரம்மராகவே சிந்திக்கிறார். டிரம்ஸில் அமரும்போதோ, பாட்டை எழுதியவரைப்போலச் சிந்திக்கிறார். நம் கச்சேரி ரசிகர்கள் நல்ல பக்கவாத்தியக்காரரைப் பற்றி "பாட்டுக்கு வாசிக்கிறார்" என்று சொல்வார்களே, அந்தச் சொல் இவருக்கு அப்படியே பொருந்தும்.

1969 ஜனவரி 14 அன்று ஓஹையோ மாநிலத்தின் வாரன் நகரில் பிறந்த அவர், வர்ஜீனியாவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தார். முதலில் கைக்கு வந்தது கித்தார்தான். டிரம்ஸை அவர் தன் அறையில் தலையணைகளை அடித்தே பழகினார். தலையணையில் குச்சி தானாகத் துள்ளி எழாது. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து குச்சியைத் தூக்க வேண்டும். பிற்காலத்தில் அவருடைய அடையாளமாக ஆன அந்தப் பலமான அடிக்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். அதே வயதில் அவர் இரண்டு கேசட் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் கித்தாரைப் பதிந்து, அதை ஒலிக்கவிட்டு, அதன்மேல் பாடி மற்றொன்றில் பதிவு செய்யவும் கற்றுக்கொண்டார். ஒரு பாட்டைத் தனித்தனி அடுக்குகளாகப் பார்க்கும் பழக்கம் அங்கேயே வேர்விட்டுவிட்டது.

வாஷிங்டன் வட்டாரத்துப் பங்க் குழுக்களில் ஒன்றான ஃப்ரீக் பேபியில் அவர் கித்தார் வாசித்தார். ஆட்கள் மாறி, குழு மிஷன் இம்பாசிபிள் என்று பெயரும் மாறியபோது டிரம்ஸுக்கு இடம் பெயர்ந்தார். அடுத்து டெய்ன் பிரேமேஜ். பின்னர், 17 வயதில், தன் வயதைக் கூட்டிச் சொல்லி ஸ்க்ரீம் குழுவில் சேர்ந்து, பள்ளிப் படிப்பையும் பாதியில் விட்டார். ஒரு வேனில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிய அந்த ஆண்டுகளே அவருடைய உண்மையான பயிற்சிக்கூடம். 1989இல் பதிவாகி 1993இல் வெளிவந்த 'ஃபம்பிள்' தொகுப்பில் 'காட்ஸ் லுக் டவுன்' என்ற பாட்டை எழுதிப் பாடியிருப்பவர் க்ரோல்தான். நிர்வாணாவுக்குப் பிறகே அவர் பாட்டெழுதத் தொடங்கினார் என்ற பரவலான எண்ணம் தவறு என்பதற்கு அந்தப் பதிவு ஒன்றே போதும்.

டிரம்ஸ் பயிலுநர்

மிக நல்ல தொடக்கம். நான் டிரம்ஸ் பயின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு ஓர் ஐயம். 1991இல் வந்த நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' தொகுப்பை அடி மாறாமல் வாசித்துப் பார்ப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கட்டாயப் பாடம்போல ஆகிவிட்டது. ஆனால் அதிலுள்ள தாள அமைப்புகளில் பல அவருக்கு முன்பிருந்த டிரம்மருடையவை என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தத் தொகுப்பில் க்ரோலின் பங்கு என்ன?

ஒலிப்பதிவுப் பணியாளர்

நண்பரே, நீங்கள் கேள்விப்பட்டது பெருமளவு உண்மை. 1990 ஏப்ரலில் விஸ்கான்சினின் மேடிசனில் உள்ள ஸ்மார்ட் ஸ்டுடியோஸில் நிர்வாணா ஒரு பதிவைச் செய்தது. தயாரிப்பாளர் புட்ச் விக், டிரம்ஸ் சாட் சானிங். 'நெவர்மைண்ட்' தொகுப்பின் சில பாட்டுகள் அங்கேயே ஏறக்குறைய முழு உருவம் பெற்றுவிட்டன. 'இன் ப்ளூம்' பாட்டின் தாள அமைப்பு சானிங்குடையது. 'பாலி' பாட்டில் கேட்கும் சிம்பல் (உலோகத் தட்டு) அடிகள் சானிங்கே வாசித்தவை. அந்தப் பழைய பதிவுதான் தொகுப்பிலும் இடம்பெற்றது. ஆனால் உறையில் அவர் பெயர் இல்லை. 2014இல் நிர்வாணா ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, க்ரோல் மேடையிலேயே சானிங்கைக் குறிப்பிட்டு இந்தக் கடனை ஒப்புக்கொண்டார். அந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்படியானால் க்ரோல் செய்தது என்ன? இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், அடிகளின் வரிசை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போதே பாட்டு வேறாகிவிடுவது புரியும். ஸ்நேர் என்னும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்மின் அடி எங்கே விழுகிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. பல்லவிக்குள் நுழையும் ஃபில், அதாவது இரு பகுதிகளை இணைக்கும் குறுகிய தாள அலங்காரம், கேட்பவரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. அவர் தன் பங்குக்குக் கொண்டுவந்தவற்றில் இன்னொன்றும் உண்டு. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் தொடக்கத்தில் இரு குச்சிகளும் நூலிழை இடைவெளியில் விழும் ஃப்ளாம் அடிகளை, கேப் பேண்ட், கேமியோ போன்ற ஃபங்க், டிஸ்கோ குழுக்களிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பங்க் ராக்கில் ஊறிய ஒருவர், ஆட்டத்துக்கான இசையிலிருந்து ஓர் அடியை எடுத்துக்கொண்டுவந்து கனமான ராக் பாட்டின் வாசலில் வைத்தார். எழுத்தாளன் சொல் தேடும் வேலைக்கு நிகரானது இது.

அந்தப் பதிவில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 'லித்தியம்' பாட்டைப் பதியும்போது காலப்பிரமாணம் மெல்ல ஓடிக்கொண்டே இருந்ததால், காதில் சீராகத் துடிக்கும் கிளிக் டிராக்கை வைத்து வாசித்துப் பார்க்கலாமா என்று விக் கேட்டார். எந்த டிரம்மருக்கும் அது சுருக்கென்று தைக்கும் கேள்வி, க்ரோலுக்கும் தைத்தது. ஆனாலும் அவர் அதை ஏற்று வாசித்து முடித்தார். 22 வயதில், தன் லயத்தைப் பற்றிய ஐயத்தைத் தாங்கிக்கொண்டு பாட்டுக்கு எது நல்லதோ அதைச் செய்வது எளிதன்று. என் பணியில் இதே கேள்வியைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனவர்களும் உண்டு.

தாள ஆர்வலர்

'லித்தியம்' செய்தி என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. நிர்வாணாவில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் அவர் கித்தாரையும் விடவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992இல் 'லேட்!' என்ற புனைபெயரில் சிம்பிள் மெஷின்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'பாக்கெட்வாட்ச்' கேசட்டில் அவரே பாடி, வாத்தியங்களையும் வாசித்திருக்கிறார். அதிலிருந்த ஒரு பாட்டு, 'மேரிகோல்ட்' என்ற பெயரில், 1993இல் 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' ஒற்றைப் பாட்டு வெளியீட்டின் மறுபக்கத்தில் நிர்வாணாவின் பாட்டாகவே வந்தது. 'சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்' பாட்டின் கித்தார் ரிஃபும் (திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்) க்ரோலுடையது. அதைக் கேட்டுப் பாருங்கள்: கித்தாரின் கீழ்க்கம்பிகள் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு நடக்கின்றன. கித்தாரைத் தான் டிரம்ஸைப் போலவே பார்ப்பதாக, கனமான கம்பிகளைக் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் என்றும் மெல்லிய கம்பிகளைச் சிம்பல் என்றும் கருதி வாசிப்பதாக, அவர் விளக்கியிருக்கிறார். இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு அவருடைய ரிஃப்களை வேறு விதமாகக் கேட்க என்னால் முடியவில்லை.

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் நடந்த எம்டிவி அன்ப்ளக்ட் பதிவையும் மறக்கக் கூடாது. அவருடைய பலத்த அடி அந்த அமைதியான மேடைக்குப் பொருந்துமா என்ற கவலை இருந்த நிலையில், அவர் பிரஷ் குச்சிகளை எடுத்துக்கொண்டு அடியைக் குறைத்தார். பேஸ் கலைஞர் கிறிஸ்ட் நோவசெலிக் அக்கார்டியனை எடுத்த பாட்டில், க்ரோல் டிரம்ஸை விட்டுப் பேஸ் வாசித்தார். எதை வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர் அவர்.

1994 ஏப்ரலில் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் மறைந்தார். அதன்பின் சில மாதங்கள் க்ரோலால் இசையைக் கேட்கவே இயலவில்லை. அந்த அக்டோபரில் சியாட்டிலுக்கு அருகிலுள்ள ராபர்ட் லாங் ஸ்டுடியோஸில், நண்பர் பாரெட் ஜோன்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவர் பதிந்த பாட்டுகளே ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் தொகுப்பாக 1995 ஜூலையில் வெளிவந்தன. 'எக்ஸ்-ஸ்டாட்டிக்' பாட்டில் கிரெக் டல்லி வாசித்த கித்தாரைத் தவிர, அதில் கேட்கும் அனைத்தும் க்ரோல். ஒவ்வொரு பாட்டுக்கும் டிரம்ஸையே முதலில் பதிந்தார். பிறகுதான் கித்தார், பேஸ், குரல். பாட்டு இன்னும் உலகத்தில் இல்லை. அவர் மனத்தில் மட்டுமே இருக்கிறது. அதற்கு அவர் தாளம் போடுகிறார். அவருடைய இசை வாழ்வு முழுவதையும் ஒரு காட்சியில் காட்டச் சொன்னால், அந்த வெற்று அறையையும் தனித்து ஒலிக்கும் டிரம்ஸையும்தான் நான் காட்டுவேன்.

இதே காலத்தில், 1994 நவம்பரில், டாம் பெட்டியின் குழுவோடு அவர் தொலைக்காட்சியில் டிரம்ஸ் வாசித்தார். தொடர்ந்து இருக்கும்படியும் அழைப்பு வந்தது. பெருமை மிக்க, பாதுகாப்பான இடம் அது. அதை ஏற்றிருந்தால், சிறந்த டிரம்மர் ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பார், பாட்டாசிரியர் கிடைத்திருக்கமாட்டார்.

பேஸ் வாசிப்பவர்

இதுவரை எழுதியவர்கள் க்ரோலின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறீர்கள். எல்லா வாத்தியங்களையும் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு ஒரே குழுவில் இருப்பது மற்றவர்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் பேச வேண்டும். முதல் தொகுப்பு பதிவான பிறகு, சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவிலிருந்து பேஸ் கலைஞர் நேட் மெண்டலும் டிரம்மர் வில்லியம் கோல்ட்ஸ்மித்தும், நிர்வாணாவின் பயணங்களில் உடன் வாசித்த பேட் ஸ்மியரும் சேர்ந்து ஃபூ ஃபைட்டர்ஸ் ஒரு குழுவானது. 1997இல் வந்த 'த கலர் அண்ட் த ஷேப்' தொகுப்புக்காகக் கோல்ட்ஸ்மித் வாசித்துப் பதிந்த டிரம்ஸில் பெரும்பகுதியைக் க்ரோல் பின்னர் தானே மறுபடி வாசித்துப் பதிந்தார். கோல்ட்ஸ்மித் குழுவை விட்டு வெளியேறினார்.

இதை எழுதும்போது என் நெஞ்சு கனக்கிறது. நான் இருந்த ஒரு குழுவில், நான் பதிந்த பேஸைப் பாட்டெழுதியவர் என்னிடம் சொல்லாமலேயே தானே வாசித்து மாற்றினார். முடிந்த பதிவைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வாசித்தது என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த அறையில் வாத்தியத்தைத் தோளில் மாட்டும்போதெல்லாம், நான் வாசிப்பது தற்காலிகமானது என்ற உணர்வு போகவேயில்லை. அந்தத் தொகுப்பின் 'எவர்லாங்' பாட்டின் டிரம்ஸ் எவ்வளவு அழகானது என்று எனக்கும் தெரியும். அந்த அழகுக்கு ஒரு மனிதர் விலை கொடுத்திருக்கிறார் என்பதையும் இந்த இழையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தாள ஆர்வலர்

நீங்கள் எழுதியதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை, மறுக்கவும் கூடாது. பாட்டு முழுவதும் ஒருவரின் மனத்தில் முன்னமே ஒலித்துக்கொண்டிருந்தால், மற்றொருவர் வாசிப்பது அதிலிருந்து விலகும் ஒவ்வொரு இடமும் அவருக்குப் பிழையாகத்தான் கேட்கும். நான் பெருமையாகச் சொன்ன அதே குணத்தின் மறுபக்கம் இது.

ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். பாடகி அலனிஸ் மோரிசெட்டின் பயணக் குழுவில் இருந்த டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் 1997இல் வந்தார். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில், க்ரோலின் வீட்டுக் கீழ்த்தளத்தில் பதிவான 1999ஆம் ஆண்டுத் தொகுப்பில் டிரம்ஸை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். அடுத்தடுத்த தொகுப்புகளில் ஹாக்கின்ஸே குழுவின் டிரம்மர். தன் இருக்கையை இன்னொருவருக்கு முழுமையாகக் கொடுக்கக் க்ரோலுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. கொடுத்த பிறகு 2022 வரை அதைத் திரும்பக் கேட்கவில்லை. 2008 ஜூனில் லண்டன் வெம்ப்ளி மேடையில் லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் இவர்களோடு சேர்ந்தபோது, ஒரு பாட்டில் ஹாக்கின்ஸ் பாட, க்ரோல் டிரம்ஸில் அமர்ந்தார். அடுத்த பாட்டில் இடம் மாறிக்கொண்டார்கள். இருவரில் எவருக்கும் அந்த இருக்கை பொறாமைக்கு உரியதாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஒலிப்பதிவுப் பணியாளர்

இந்த இழை இன்னும் 2002ஐத் தொடவில்லை. என்னைப் பொறுத்தவரை அவருடைய டிரம்ஸின் உச்சம் க்வீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜின் 'சாங்ஸ் ஃபார் த டெஃப்' தொகுப்புதான். தன் சொந்தக் குழுவின் நான்காம் தொகுப்பு சரியாக அமையாமல் நின்றிருந்த நேரத்தில், அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஜாஷ் ஹோமியின் குழுவில் டிரம்மராகப் போய் அமர்ந்தார். அந்தக் குழுவின் பயணத்துக்கு இடையே, நின்றிருந்த தொகுப்பை இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்தில் புதிதாகப் பதிந்தார்கள். அதுவே 'ஒன் பை ஒன்'. ஒரு குழுவில் தாளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஓய்வு, இன்னொரு குழுவின் தலைவருக்கு மருந்தாக அமைந்தது.

தொழில்நுட்பம் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். டிரம்ஸ் பயிலும் நண்பருக்குப் பயன்படும். அந்தத் தொகுப்பில் டிரம்ஸையும் சிம்பல்களையும் தனித்தனியே பதிந்தார்கள். டிரம்ஸைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மைக்கிலும் சிம்பலின் ஒலி கசிந்து புகுந்துவிடும். ஸ்நேரை உயர்த்த முயன்றால் சிம்பலும் சேர்ந்து உயர்ந்து காதைக் கீறும். சிம்பலே இல்லாமல் டிரம்ஸை மட்டும் வாசித்துவிட்டு, பிறகு சிம்பலை மட்டும் அதன்மேல் வாசித்துச் சேர்த்தால், டிரம்ஸை வேண்டிய அளவுக்கு நெருக்கமாகவும் கனமாகவும் ஒலிக்கச் செய்யலாம். 'நோ ஒன் நோஸ்' பாட்டின் டிரம்ஸ் காதருகே வந்து அடிப்பதுபோல் இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. வாசிப்பவருக்கு இது பெருந்துன்பம். கிக்கும் சிம்பலும் ஒன்றாக விழும்போது உடல் ஒரு சமநிலையை நம்பியிருக்கும். அதில் பாதியைப் பறித்துவிட்டால் கை தடுமாறும். சிறுவயதில் இரண்டு கேசட் கருவிகளோடு அடுக்கடுக்காகப் பதிந்து பழகியவருக்கு, இல்லாத ஒலியை மனத்தில் கேட்டபடி வாசிப்பது புதிதாக இருந்திருக்காது.

பிறகு 2003இல் கில்லிங் ஜோக், 2005இல் நைன் இன்ச் நெயில்ஸ். கில்லிங் ஜோக் செய்தி தனிச்சிறப்புடையது: அந்தக் குழுவின் பழைய பாட்டொன்றின் ரிஃபை நிர்வாணாவின் 'கம் ஆஸ் யூ ஆர்' ஒத்திருக்கிறது என்ற மனக்கசப்பு நெடுங்காலம் இருந்தது. அதையெல்லாம் தாண்டி, இளமையில் தான் நேசித்த அந்தக் குழுவின் தொகுப்பு முழுவதற்கும் அவர் டிரம்ஸ் வாசித்தார்.

பேஸ் வாசிப்பவர்

2004இல் வந்த ப்ரோபாட் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துவிட்டு, பாடுவதற்கு லெம்மி, கிங் டயமண்ட், மேக்ஸ் கவலேரா முதலிய தன் இளமைக்கால நாயகர்களை அழைத்தார். ஆனால் ஒரு பேஸ் வாசிப்பவனாக நான் திரும்பத் திரும்பக் கேட்பது 2009இன் தெம் க்ரூக்ட் வல்ச்சர்ஸ் தொகுப்பைத்தான். க்ரோலின் வாசிப்பில் லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹமின் பாதிப்பு ஊறியிருக்கிறது. பான்ஹமின் மூன்று வளையச் சின்னத்தை உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர் அவர். அந்தப் பான்ஹமோடு 1968 முதல் 1980 வரை தோளோடு தோள் நின்று பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸோடு அவர் அங்கே சேர்ந்து வாசித்தார். பான்ஹமைப் போலி செய்து காட்ட அதைவிடப் பெரிய தூண்டுதல் யாருக்கு வாய்க்கும்? அவர் அதைச் செய்யவில்லை. ஜோன்ஸ் எங்கே அடியைப் பின்தள்ளி வாசிக்கிறாரோ அங்கே காத்திருந்து, அவர் விட்ட இடைவெளியில் மட்டும் நுழைகிறார். என் முந்தைய பதிவில் வருத்தத்தோடு எழுதிய நான், இங்கே அவர் இன்னொருவரின் வாசிப்பைக் கூர்ந்து கேட்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

டிரம்ஸ் பயிலுநர்

2018இல் வந்த 'ப்ளே' பற்றி யாரும் எழுதவில்லையே? 23 நிமிடத்துக்கு நீளும், குரலே இல்லாத ஒரே இசைத்துண்டு. ஏழு வாத்தியப் பகுதிகளையும் அவரே வாசித்திருக்கிறார். பல வாத்தியக்காரர் என்ற பெயருக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

தாள ஆர்வலர்

அது பெரிய உழைப்பு. ஒவ்வொரு வாத்தியத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இடையில் நிறுத்தாமல் வாசிப்பது என்ற விதியைத் தனக்குத்தானே வைத்துக்கொண்டு, பிழை நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். திறமைக்குச் சான்று என்று அதை ஏற்கிறேன். ஆனால் என்னை அசைத்தது அது அன்று. 2023 ஜூனில் வந்த 'பட் ஹியர் வி ஆர்' தொகுப்புதான்.

2022 மார்ச் 25 அன்று பகோட்டாவில் ஹாக்கின்ஸ் மறைந்தார். அதே ஆண்டில், பள்ளி ஆசிரியையாக இருந்து க்ரோலைத் தனியாக வளர்த்த தாயும் காலமானார். அந்தத் தொகுப்பின் டிரம்ஸ் முழுவதையும் க்ரோலே வாசித்தார். 1994இல் நண்பனை இழந்தபோது தனியாக டிரம்ஸின் முன் அமர்ந்தவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்துக்குத் திரும்பியிருந்தார். தாயின் நினைவில் எழுதப்பட்ட, பத்து நிமிடம் நீளும் 'த டீச்சர்' பாட்டில் டிரம்ஸ் எங்கே பொங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று கேளுங்கள். மேடைக்கு ஜாஷ் ஃப்ரீஸும், 2025இல் இலான் ரூபினும் வந்தார்கள். பதிவறையில் அந்த இருக்கையை அந்த ஒரு முறை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை. பேஸ் வாசிக்கும் நண்பர்கூட இதில் குறை காணமாட்டார் என்று நினைக்கிறேன்.

பேஸ் வாசிப்பவர்

காணமாட்டேன்.

டிரம்ஸ் பயிலுநர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் டிரம்ஸ், பிறகு மற்றவை என்ற முறையை நானும் என் நண்பர் எழுதிய ஒரு பாட்டில் செய்து பார்த்தேன். கித்தாரும் குரலும் இல்லாமல், பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே நான்கு நிமிடம் வாசித்தேன். காலப்பிரமாணம் ஓரளவு நின்றது. ஆனால் இரண்டாம் சரணத்தில் நான் போட்ட நீண்ட ஃபில், நண்பர் கித்தாரைச் சேர்த்தபோது, பாட்டின் மிக முக்கியமான சொல்லின்மேல் போய் விழுந்தது. அந்த இடத்தில் வரும் சொல் என்ன என்பதே எனக்கு மனப்பாடமாக இருக்கவில்லை. இப்போது பாடல் வரிகளை எழுதி ஸ்நேருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். நாளை மறுபடி பதிகிறோம்.